கூடுதலாக வந்த சம்பளம்: வேலையை விட்ட பிறகு வரும் கடிதம்

ஓய்வு பெற்ற ஆசிரியருக்கோ எழுத்தருக்கோ வரும் அந்தக் கடிதத்தின் நடை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. மேலே பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று நாலைந்து கடித எண்கள். நடுவில், தங்களுக்கு மிகையாக வழங்கப்பட்ட தொகையை ஒரே தவணையில் அரசுக் கணக்கில் செலுத்தி, செலுத்துச்சீட்டை இவ்வலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற வாக்கியம். கடைசியில், தவறினால் பணிக்கொடையில் பிடித்தம் செய்யப்படும் என்ற எச்சரிக்கை. எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்த தவறு, யார் செய்த தவறு என்பது பெரும்பாலும் அந்தக் கடிதத்தில் இருக்காது. தொகை மட்டும் ரூபாய் சுத்தமாக இருக்கும்.

தனியார் வேலையை விட்டவருக்கு வருவது கடிதமல்ல, மின்னஞ்சல். புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை, மாத்தூர் பக்கத்துத் தொழிற்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஓசூருக்கோ கோவைக்கோ போன இளைஞருக்கு மூன்று மாதம் கழித்து வரும்: உங்கள் ஃபைனல் செட்டில்மென்டில் இவ்வளவு ரூபாய் அதிகமாகப் போய்விட்டது, ஏழு நாளில் திருப்பி அனுப்பவும்.

இரண்டு பேரும் முதலில் அடைவது பயம், அடுத்து கோபம். பயப்படுகிறவர் கணக்கே கேட்காமல் கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார். கோபப்படுகிறவர் பதிலே போடாமல் கடிதத்தைப் பீரோவில் வைத்துவிடுகிறார். இரண்டுமே கெடுதல். கூடுதலாக வந்த பணம் யாருடையது என்பது ஒரு கேள்வி. அதை யார், எப்போது, எவ்வளவு, எந்த வழியில் திரும்பக் கேட்கலாம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் எளிது: அது நம்முடையதல்ல. இரண்டாவது கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் முப்பது வருடத்துக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பதிலில் ஓய்வு பெற்றவருக்கு ஆறுதலும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

தவறு எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு காலாண்டுகளில் ஒன்றின் முதல் தேதியில் வரும். ஓர் ஆசிரியைக்கு அது ஜூலை 1 என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு வருடம் குடும்பக் காரணத்துக்காக மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பில் போகிறார். மருத்துவச் சான்று இல்லாத அந்த விடுப்பு ஊதிய உயர்வுக்குச் சேராது என்பதால் அவருடைய இன்கிரிமென்ட் அக்டோபருக்குத் தள்ளிப்போக வேண்டும். பணிப்பதிவேட்டில் விடுப்பு எழுதப்படுகிறது, ஆனால் இன்கிரிமென்ட் தேதியை யாரும் மாற்றவில்லை. அடுத்த ஜூலையில் வழக்கம்போல உயர்வு போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் மூன்று மாதம் முன்னதாகவே உயர்வு வருகிறது. உயர்வு ஆயிரம் ரூபாய் என்று எளிதாகக் கணக்கு வைத்தாலும் வருடத்துக்கு 3,000 ரூபாய், பன்னிரண்டு வருடத்தில் 36,000. அதன் மேல் அகவிலைப்படி. நடுவில் ஓர் ஊதியக் குழு வந்து பழைய சம்பளத்தைப் பெருக்கிப் புதிய சம்பளம் நிர்ணயித்தால் தவறும் சேர்ந்து பெருகும்.

இதில் ஆசிரியை செய்த தவறு ஒன்றுமில்லை. அவர் விடுப்பு விண்ணப்பம் கொடுத்தார், அது பதிவும் ஆனது. தேர்வு நிலை, சிறப்பு நிலை கணக்கிடுவதில், பதவி உயர்வின்போது சம்பளம் நிர்ணயிப்பதில், இளையவரின் சம்பளத்துக்கு மூத்தவரின் சம்பளத்தைச் சமன் செய்வதில் நடக்கிற தவறுகளும் இப்படித்தான். தயாரித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர், கையெழுத்திட்டவர் ஒருவர், கருவூலத்தில் பட்டியலைத் தேர்ச்சி செய்தவர் ஒருவர். நான்கு மேசைகளைக் கடந்து வந்த தவறு, சம்பளம் வாங்கியவர் ஓய்வு பெற்று ஐந்தாவது மேசைக்குக் கோப்பு போகும்போது வெளியே வருகிறது. ஓய்வூதியக் கருத்துரு சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும்போதுதான் பணிப்பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருவர் படிக்கிறார். அங்கே குறிப்பு எழுதப்பட்டால், ஒன்றிய அலுவலகத்தில் சொல்லும் வாக்கியம் புதுக்கோட்டையில் எல்லோருக்கும் தெரிந்தது: "சார், ஏ.ஜி. ஆபீஸ்ல அப்ஜெக்‌ஷன் போட்டிருக்காங்க."

தொழிற்சாலை பெரிதாகப் பெருகாத தாலுகாக்களில் ஒரு குடும்பம் தலையெடுக்க இன்றும் அரசுச் சம்பளமே முதல் ஏணி. பணிக்கொடைப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே அதற்குச் செலவு நிச்சயமாகியிருக்கும்: மகள் கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளையின் வெளிநாட்டுப் பயணத்துக்கு வாங்கிய கைமாற்று. அந்த நேரத்தில் லட்ச ரூபாய் பிடித்தம் என்பது தாளில் எழுதிய எண் அல்ல. நீதிமன்றங்கள் இந்த உண்மையைக் கண்டுகொண்டதால்தான் இந்தச் சட்டம் இப்படி வளர்ந்தது.

அடிப்படைச் சட்டம் பழையது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இதில் கொடுத்தவரின் அலட்சியம் பற்றிய பேச்சே இல்லை. வங்கி தவறிப் போட்ட பணத்துக்கும் இதுதான் விதி, சம்பளத்துக்கும் இதுதான் தொடக்கப் புள்ளி.

ஆனால் சம்பளம் மற்றப் பணம் போன்றதல்ல. மாதாமாதம் வருகிறது, மாதாமாதம் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. வாங்கியவர் இது என் சம்பளம் என்று நம்பி, அந்த வரவுக்கு ஏற்றபடி குடும்பம் நடத்தியிருக்கிறார். 1994-இல் ஷ்யாம் பாபு வர்மா வழக்கிலும், அடுத்து சாஹிப் ராம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. தவறான சம்பள விகிதம் ஊழியரின் குற்றத்தால் வரவில்லை என்றால், வாங்கிய பணத்தைப் பிடிக்க வேண்டாம், இனிமேல் சரியான சம்பளம் கொடுங்கள் என்றது.

அதே 1994-இல் வந்த இன்னொரு தீர்ப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். ரயில்வேயில் கார்டாக இருந்த பகவான் சுக்லாவின் அடிப்படைச் சம்பளத்தை 190 ரூபாயிலிருந்து 181 ரூபாயாகக் குறைத்தார்கள். 1970-இல் தவறாக நிர்ணயித்துவிட்டோம் என்று 1991-இல் உத்தரவு போட்டார்கள். மாதத்துக்கு ஒன்பது ரூபாய். ஆனால் உச்ச நீதிமன்றம் ஒன்பது ரூபாயைப் பார்க்கவில்லை. இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று பார்த்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் தராமல் ஒருவருடைய சம்பளத்தைக் குறைப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று உத்தரவை ரத்து செய்தது. இன்றும், பிடித்தம் பற்றிய வழக்குகளில் நீதிபதி முதலில் கேட்கும் கேள்வி, நோட்டீஸ் கொடுத்தீர்களா என்பதே.

பிறகு காற்று மாறியது. 2008 டிசம்பரில் பீகார் ஆசிரியர்கள் தொடர்பான சையத் அப்துல் காதிர் வழக்கில் நீதிமன்றம் ஊழியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் கூடவே இரண்டு விஷயங்களைச் சொன்னது. இந்தச் சலுகை ஊழியரின் உரிமை அல்ல, அவர் படும் கஷ்டத்தைப் பார்த்து நீதிமன்றம் காட்டும் நியாயம். கூடுதலாக வருகிறது என்று ஊழியருக்கே தெரிந்திருந்தால், அல்லது தவறு நடந்த கொஞ்ச காலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டால், பிடித்தத்துக்கு உத்தரவிடலாம். 2012-இல் உத்தராகண்டின் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் இன்னும் இறுக்கம். அரசுப் பணம் வரி கட்டுகிறவர்களின் பணம், அது கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி, பன்னிரண்டு மாதத் தவணையில் பிடிக்க அனுமதித்தது.

அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. கந்தர்வகோட்டையில் சொத்து வரி கட்டுகிறவரின் பணமும் அதில் இருக்கிறது. ஆனால் தவறு செய்த நான்கு மேசைகளில் ஒன்றுகூடப் பதில் சொல்லாமல், மேசைக்கு வெளியே நின்றவர் மட்டும் பதில் சொல்வது எப்படி முழு நியாயமாகும் என்பதும் கேள்விதான்.

இரண்டு வழித் தீர்ப்புகளுக்கும் நடுவில் கீழ் நீதிமன்றங்கள் தடுமாறிய நேரத்தில்தான் பஞ்சாபிலிருந்து ரஃபீக் மசீ வழக்கு வந்தது. அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர் வெள்ளையடிக்கும் தொழிலாளி, அந்தத் தொழிலின் பெயரும் வழக்கின் தலைப்பிலேயே நிலைத்துவிட்டது. 2014 டிசம்பர் 18-ஆம் தேதி நீதிபதிகள் ஜே.எஸ். கேஹரும் அருண் மிஸ்ராவும் அளித்த தீர்ப்பு, இன்று இந்தியாவில் எந்த ஊழியர் சங்க அலுவலகத்திலும் பேசப்படுவது. ஐந்து சூழ்நிலைகளில் பிடித்தம் கூடாது என்று அது சொல்கிறது.

மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்கள், அதாவது சி, டி பிரிவினர், முதலாவது. ஓய்வு பெற்றவர்களும், பிடித்தம் செய்யும் உத்தரவு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களும் இரண்டாவது. ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவிட்டு அதன் பிறகு கேட்பது மூன்றாவது. கீழ்ப்பதவியில் இருக்க வேண்டியவரை மேல்பதவி வேலை செய்ய வைத்து அதற்கான சம்பளமும் கொடுத்திருந்தால் அது நான்காவது. வேலை வாங்கிக்கொண்டு கூலியைத் திரும்பக் கேட்கக் கூடாது. ஐந்தாவது ஒரு பொதுக் கதவு: பிடித்தம் செய்வது, முதலாளிக்குள்ள உரிமையை விடப் பெரிய அநீதியாகவும் கொடுமையாகவும் இருக்கும் என்று நீதிமன்றம் கருதும் எந்தச் சூழ்நிலையும். 2016 மார்ச் 2-ஆம் தேதி மத்திய அரசின் பணியாளர் துறை இந்த ஐந்தையும் எடுத்தெழுதி எல்லா அமைச்சகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது.

நம் வாசகர் இங்கே கவனிக்க வேண்டியது இரண்டாவது சூழ்நிலை. ஓய்வு பெற்றவர் என்பதே ஒரு பாதுகாப்பு. அவர் சி பிரிவா, பி பிரிவா என்று அந்தச் சூழ்நிலைக்குக் கேட்பதில்லை. 1999-இல் ஓய்வு பெற்ற கேரள ஆசிரியர் ஒருவரின் வழக்கு, தாமஸ் டேனியல் என்ற பெயரில், உச்ச நீதிமன்றம் வரை போய் 2022 மே 2-ஆம் தேதி முடிந்தது. அவர் தவறான தகவல் எதுவும் தரவில்லை, மோசடி செய்யவில்லை, விதியைத் துறைதான் தவறாகப் புரிந்துகொண்டது, ஆகவே பிடித்தம் செல்லாது என்றது தீர்ப்பு. ஓய்வு பெற்று இருபத்து மூன்று வருடம் கழித்து வந்த நிம்மதி அது. 2025 ஏப்ரலில் ஒடிசாவின் மாவட்ட நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வழக்கிலும் அதேதான். ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டது இருபதாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் அக்கம்பக்கமான தொகை. அதற்காக அவர்கள் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

இனி எச்சரிக்கை. ஊதியக் குழு நிர்ணயம் நடக்கும்போது, விருப்பப் படிவத்தோடு ஒரு உறுதிமொழியிலும் கையெழுத்து வாங்குவார்கள். கூடுதலாக வழங்கப்பட்டது பின்னால் தெரிந்தால் திருப்பிச் செலுத்துகிறேன் என்று அதில் இருக்கும். மேசையில் ஐம்பது படிவங்கள் அடுக்கியிருக்கும் நாளில் யாரும் அதைப் படிப்பதில்லை. 2016 ஜூலை 29-ஆம் தேதி ஜக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கையெழுத்துக்கு உயிர் கொடுத்துவிட்டது. ஹரியானா நீதித்துறை அதிகாரி ஒருவர், இப்படி உறுதிமொழி கொடுத்து உயர் ஊதியம் பெற்றவர். ஓய்வு பெற்றவர் என்ற பாதுகாப்பு இவருக்குப் பொருந்தாது, கூடுதல் தொகை திரும்பக் கேட்கப்படலாம் என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்று நீதிமன்றம் கூறியது. ஆனாலும் ஒரே அடியாகப் பிடிக்க விடவில்லை, இரண்டு வருடத் தவணை கொடுத்தது.

அதனால், கடிதம் வந்ததும் தேட வேண்டிய முதல் தாள் இந்த உறுதிமொழி. அது எந்த நிர்ணயத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஊதியக் குழு நிர்ணயத்துக்குக் கொடுத்த உறுதிமொழியைக் காட்டி, அதற்குச் சம்பந்தமே இல்லாத பழைய இன்கிரிமென்ட் தவறுக்குப் பிடித்தம் கேட்டால், அதை எதிர்த்து வாதாட இடம் உண்டு. பணிப்பதிவேட்டின் நகல், தணிக்கைத் தடைக் குறிப்பின் நகல், கூடுதல் தொகை கணக்கிட்ட அட்டவணை, உறுதிமொழிப் படிவத்தின் நகல் நான்கையும் எழுத்தில் கேட்க வேண்டும். தராவிட்டால் 2005-ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அட்டவணை வந்தால் மாத வாரியாகப் படியுங்கள். தடைக் குறிப்பு எழுதியவர் ஒரு விடுப்பை இரண்டு முறை கழித்திருக்கலாம், அல்லது ஊழியருக்கு வர வேண்டிய நிலுவை ஒன்றை விட்டிருக்கலாம். கணக்குச் சரி என்று தானாக நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை; தவறிப் போனதே ஒரு கணக்குதானே.

பிறகு பதில் எழுத வேண்டும். நான் பொய்த் தகவல் தரவில்லை, தவறு துறையினுடையது, இத்தனாம் தேதி ஓய்வு பெற்றேன், முன்னறிவிப்புத் தரப்படவில்லை, ரஃபீக் மசீ தீர்ப்பின் இன்ன சூழ்நிலை எனக்குப் பொருந்தும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். அதிகாரி ஏற்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலை 24 முதல் புதுக்கோட்டை மாவட்டம் அதன் எல்லையில் இருக்கிறது. சென்னை வரை அலைய வேண்டியதில்லை. வக்கீல் கட்டணம் கஷ்டம் என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

ஓய்வூதியம் தனி. இந்தத் தீர்ப்புகள் காப்பாற்றுவது, வாங்கிச் செலவழித்த பழைய பணத்தை. தவறான சம்பளத்தைத் திருத்தி, இனி வரும் ஓய்வூதியத்தைச் சரியான தொகைக்குக் குறைப்பதை நீதிமன்றங்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. வழக்கில் ஜெயித்தேன், ஆனால் பென்ஷன் குறைந்துவிட்டதே என்று குழம்புகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தனியார் துறைக்கு வருவோம். இங்கே ரஃபீக் மசீயை அப்படியே கொண்டுவர முடியாது. அந்தத் தீர்ப்பு அரசு என்ற முதலாளியின் நடத்தையை அரசியல் சட்டத்தின் சமத்துவத்தோடு உரசிப் பார்த்தது. கம்பெனிக்கும் ஊழியருக்கும் நடுவில் இருப்பது வேலை ஒப்பந்தமும் சம்பளச் சட்டமும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய 1936-ஆம் வருடச் சம்பள வழங்கல் சட்டத்தைப் போலவே, கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைச் சரிக்கட்டிப் பிடிக்க முதலாளிக்கு இடம் தருகிறது. ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். புதிய தொகுப்பில் அந்த வரம்பு இல்லை. ராஜினாமா செய்தாலும் வேலைநீக்கம் ஆனாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மனிதவளப் பிரிவு இழுப்பதற்கு இனிச் சட்டத்தின் துணை இல்லை.

கம்பெனியில் தவறு நடக்கும் விதமும் வேறு. மாதம் இருபதாம் தேதியோ இருபத்தைந்தாம் தேதியோ சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ராஜினாமா ஏற்கப்பட்டால், பெயர் பட்டியலிலேயே இருந்து முழு மாதச் சம்பளமும் போய்விடும். ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மாதச் சம்பளம் 26,000 ரூபாய், வருங்கால வைப்பு நிதிக்குக் கணக்கிடும் சம்பளம் 15,000. பத்தாம் தேதி வேலையை விட்டவருக்கு முப்பது நாள் சம்பளம் போய்விட்டது. கம்பெனி மின்னஞ்சலில் கேட்பது இருபது நாள் மொத்தச் சம்பளம், 17,333 ரூபாய். ஆனால் அவர் கையில் அதிகமாக வந்தது அதுவா? முழு மாதத்துக்கு பி.எஃப். 12 சதவீதம் 1,800 ரூபாய் பிடித்து, 24,200 வங்கிக்கு வந்தது. பத்து நாளுக்கு வந்திருக்க வேண்டியது 8,667 ரூபாய், அதில் பி.எஃப். 600 போக 8,067. கையில் அதிகம் வந்தது 16,133 ரூபாய்தான். மீதி 1,200 ரூபாய் பி.எஃப். கணக்குக்குப் போயிருக்கிறது. அது இன்னும் அவர் பெயரில் இருந்தால் 17,333 கேட்பது சரி. கம்பெனி அடுத்த மாதச் செலுத்தலில் அதைச் சரிக்கட்டியிருந்தால் அவர் 16,133 மட்டுமே தர வேண்டும். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வருமான வரி பிடிக்கிற அளவு சம்பளம் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. அதே நிதியாண்டுக்குள் தீர்ந்தால் கம்பெனி தன் வரிக் கணக்கைத் திருத்தி, படிவம் 16-இல் குறைந்த சம்பளத்தைக் காட்டலாம். மார்ச் 31 தாண்டிவிட்டால், வாங்காத சம்பளத்துக்கு வரி கட்டியவர்கள் ஆகிவிடுவோம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. கனடாவின் மத்திய அரசு 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற புதிய சம்பளக் கணினி முறையைத் தொடங்கியது. பல ஊழியர்களுக்குச் சம்பளமே வரவில்லை, பலருக்குக் கூடுதலாக வந்தது. கூடுதலாக வந்தவர்களிடம் வரி உட்பட மொத்தத் தொகையையும் திரும்பக் கேட்டார்கள். கையில் வராத பணத்தையும் கைக்காசிலிருந்து கட்டு, வரியைப் பிறகு நீயே திரும்பப் பெற்றுக்கொள் என்ற நிலை. எதிர்ப்பு வலுத்து, 2019-இல் வரிச் சட்டத்தையே திருத்தி, கணினியாலோ எழுத்துப் பிழையாலோ வந்த கூடுதல் சம்பளத்தில் கையில் வந்த தொகையை மட்டும் திருப்பித் தந்தால் போதும் என்று வழி செய்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு திருத்தம் வர வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை நாமே கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

எத்தனை வருடம் கழித்துக் கேட்கலாம்? தனியார் முதலாளி பணத்துக்கு வழக்குப் போட 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தில் மூன்று வருடம். தவறினால் வந்த பணம் என்றால், தவறு தெரியவந்த நாளிலிருந்து, அல்லது ஒழுங்காகப் பார்த்திருந்தால் தெரியவந்திருக்கும் நாளிலிருந்து அந்தக் காலம் ஓடத் தொடங்கும். அரசுக்கு முப்பது வருடம். ஆகவே அரசு ஊழியரைக் காப்பது காலவரையறை அல்ல, மேலே சொன்ன நியாயத் தீர்ப்புகள்தான்.

கம்பெனிகள் கையில் வைத்திருக்கும் ஆயுதங்கள் சில. அனுபவச் சான்றிதழைப் பிடித்துவைப்பது ஒன்று. பணிக்கொடையில் கை வைப்பது இன்னொன்று. பணிக்கொடைக்கு 1972-ஆம் வருடச் சட்டம் முதலே பலமான காவல் உண்டு, இப்போது அதன் இடத்துக்கு வந்துள்ள 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஊழியரின் செயலால் சொத்துக்குச் சேதம் வந்தோ, வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ அவரை வேலைநீக்கம் செய்தால்தான் பணிக்கொடையை மறுக்கலாம். சம்பளக் கணக்குப் பிழை அந்தப் பட்டியலில் இல்லை. அப்படிப் பிடித்தால் தொழிலாளர் துறையில் முறையிடலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுப்போம் என்பது மூன்றாவது. பணத் தகராறு சிவில் விவகாரம், பொதுவாக அது மிரட்டலோடு நின்றுவிடும். ஆனால் வந்த பணத்தை வரவே இல்லை என்று எழுத்தில் மறுத்தால் நாமே நம் நிலையைக் கெடுத்துக்கொள்கிறோம். வங்கிக் கணக்கு சாட்சி சொல்லும்.

கம்பெனியின் கணக்குச் சரி என்று தெரிந்துவிட்டால் திருப்பித் தருவதுதான் முறை. நான் எந்தச் சட்ட ஓட்டையையும் காட்டி அதைத் தடுக்க மாட்டேன். வேலையை விட்ட பிறகும் வந்த முழு மாதச் சம்பளம் நம் உழைப்புக்கு வந்ததல்ல என்று நமக்கே தெரியும். சையத் அப்துல் காதிர் தீர்ப்பின் கண்ணில்கூட அது தெரிந்து வாங்கிய பணம், சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டதும்கூட. அதைப் பன்னிரண்டு வருடம் தெரியாமல் வாங்கிய ஆசிரியையின் இன்கிரிமென்டோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

திருப்பித் தருவதிலும் முறை உண்டு. வேலை இல்லாமல் இருந்தாலோ புதிய வேலையில் சம்பளம் குறைவாக இருந்தாலோ தவணை கேட்கலாம். உச்ச நீதிமன்றமே ஊழியர்களுக்கு ஒரு வருடமும் இரண்டு வருடமும் தவணை கொடுத்திருக்கிறது என்பதைக் குறிப்பிட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மேலாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், அனுப்பும்போது குறிப்பில் எந்த மாதத்துக் கூடுதல் சம்பளம் என்று எழுதுங்கள். கடைசித் தவணை முடிந்த அன்றே பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதமும், திருத்திய சம்பளச் சீட்டும், திருத்திய படிவம் 16-ம் கேளுங்கள். அரசு ஊழியர் என்றால், கருவூலத்தில் கட்டிய செலுத்துச்சீட்டின் நகலோடு, நிலுவை ஏதுமில்லை என்ற சான்று ஓய்வூதியக் கோப்பில் சேர்ந்துவிட்டதா என்று அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கோப்பில் சேராத செலுத்துச்சீட்டு, அடுத்த தணிக்கையில் அதே தொகையை இன்னொரு முறை கேட்க வைக்கும்.